நோட்டீஸ் படிக்க ஊரில் ஆள் வேண்டும்! சேர்வராயன் மலைக்கு ஊருக்கு இரண்டு சட்டத் தன்னார்வலர் வேண்டும்!

  



போன மழைக்காலத்தில் நம்ம சங்கக் கூட்டத்துக்கு ஒரு பெரியவர் வந்தார். மடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தார். உள்ளே நாலாக மடித்த ஒரு காகிதம். "பட்டா வந்திருச்சுங்க. சாமி படத்துக்குப் பின்னால பத்திரமா வெச்சிருந்தேன். இத பேங்குல காட்டினா லோன் குடுப்பாங்களான்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார்.

வாங்கிப் படித்தவர் வாயடைத்துப் போனார். அது பட்டா இல்லை. வன உரிமைச் சட்டத்தில் அவர் கொடுத்த மனுவைத் தள்ளுபடி செய்துவிட்டோம் என்று சொல்லும் கடிதம். ஆட்சேபணை இருந்தால் 60 நாளுக்குள் மேல்மனு செய்யலாம் என்று கடைசி வரியில் இருந்தது. தேதியைப் பார்த்தால் ஆறு மாதம் தாண்டியிருந்தது. அரசு முத்திரை இருந்தது, கையெழுத்து இருந்தது, தன் பெயர் இருந்தது, அதனால் நல்ல சேதிதான் என்று அவர் நம்பிவிட்டார். கடிதத்தை அவர் கையில் கொடுத்தது எந்த அதிகாரியும் இல்லை. சந்தைக்குப் போன பக்கத்து வீட்டுப் பையனிடம் யாரோ கொடுத்தனுப்பியிருக்கிறார்கள்.

பெரியவரின் பெயரும் ஊரும் இங்கே வேண்டாம். கடிதம் எந்த அலுவலகத்திலிருந்து வந்தது என்பதும் வேண்டாம். அப்பா காலத்திலிருந்து ராகியும் சாமையும் போட்டு, பிறகு கொஞ்சம் காபி, கொஞ்சம் மிளகு என்று ஏற்றி வைத்த இரண்டு ஏக்கர் அது. ஒரு கடிதத்தைப் படித்துச் சொல்ல ஊரில் ஆள் இல்லாததால் அந்த இரண்டு ஏக்கர் கைநழுவும் நிலைக்கு வந்தது. இந்தச் சிறு பிரசுரம் அதைப் பற்றித்தான்.

இது புதுக்கதை இல்லை!

நாடு நாடாகப் பிரித்து, நாட்டுக்கு ஒரு பட்டக்காரர் வைத்து, வழக்கு வம்பு எல்லாவற்றையும் ஊர் மந்தையிலேயே பேசித் தீர்த்த மக்கள் நாம். நமக்கு நியாயம் தெரியாது என்று எவனும் சொல்ல முடியாது. ஆனால் நம்ம நியாயம் வாயில் இருந்தது. வெள்ளைக்காரன் நியாயம் காகிதத்தில் வந்தது.

1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை இந்த மலையில் காபி நட்டார். பின்னாலேயே எஸ்டேட்டுகள் வந்தன. நல்ல சரிவு, நல்ல தண்ணீர் உள்ள இடமெல்லாம் துரைமார் தோட்டமானது. மிச்சம் இருந்த காட்டுக்கு 1882-ல் மெட்ராஸ் வனச் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் எப்படி வேலை செய்தது என்பதை நாம் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால் அது இன்னும் தமிழ்நாடு வனச் சட்டம் என்ற பெயரில் உயிரோடுதான் இருக்கிறது.

இந்த இடத்தை ரிசர்வ் காடாக ஆக்கப் போகிறோம் என்று சர்க்கார் முதலில் கெஜட்டில் போடுவான். பிறகு அக்கம்பக்கத்து ஊர்களில் ஒரு அறிவிப்பு. இந்த நிலத்தில் யாருக்காவது பாத்தியதை இருந்தால் இன்ன தேதிக்குள் செட்டில்மெண்ட் அதிகாரியிடம் வந்து சொல்லிக்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். சொன்னவர்களின் பாத்தியதையை அதிகாரி விசாரிப்பார். கெடுவுக்குள் சொல்லாதவர்களின் பாத்தியதை? அழிந்தது! சட்டமே அப்படித்தான் எழுதியிருக்கிறது. அடிக்கவில்லை, சுடவில்லை, வீட்டைக் கொளுத்தவில்லை. ஒரு நோட்டீஸ், ஒரு கெடு, அவ்வளவுதான். தலைமுறை தலைமுறையாக உழுத காட்டில் நம்ம பாட்டனும் முப்பாட்டனும் அத்துமீறி நுழைந்தவர்கள் ஆனது இப்படித்தான்.

அன்றைக்கு அந்த நோட்டீசைப் படித்துச் சொல்ல மலையில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? 140 வருஷம் கழித்தும் நம்ம பெரியவர் தள்ளுபடிக் கடிதத்தைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்துக் கும்பிடுகிறார் என்றால், நாம் யார் மேல் கோபப்பட வேண்டும்? அவர் மேலா?

சட்டம் நம்ம பக்கம் திரும்பிய கதை

நாடு முழுக்கப் பழங்குடி மக்களும் விவசாய சங்கங்களும் போராடியதால்தான் 2006 டிசம்பரில் வன உரிமைச் சட்டம் நிறைவேறியது. பழங்குடி மக்களுக்கு வரலாற்றில் இழைக்கப்பட்ட அநீதி என்று அந்தச் சட்டத்தின் முகப்பிலேயே ஒப்புக்கொண்டு எழுதியிருக்கிறார்கள். 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்து காட்டு நிலத்தில் பாடுபட்டு வரும் பழங்குடிக் குடும்பத்துக்கு, அனுபவத்தில் இருக்கும் அளவுக்கு, அதிகபட்சம் 4 ஹெக்டேர் வரை உரிமை. நம்ம கணக்கில் ஏறக்குறைய 10 ஏக்கர். பழங்குடி அல்லாதவர்கள் மூன்று தலைமுறை, அதாவது 75 வருஷம் அங்கேயே இருந்ததைக் காட்ட வேண்டும். உரிமைப் பத்திரம் கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருக்கும். பிள்ளைகளுக்குப் போகும், ஆனால் விற்க முடியாது. விற்க முடியாது என்பதைக் கேட்டு முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. ரிசார்ட் கட்ட இடம் தேடி அலைகிற ஆட்கள் இந்த மலையில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்துவிட்டு முகம் சுளிக்கட்டும்.

சட்டம் வந்தது, ஆனால் தமிழ்நாட்டுக்கு வரவில்லை! 2008-ல் ஓய்வு பெற்ற வன அதிகாரி ஒருவர் போட்ட வழக்கில், மனுக்களை விசாரிக்கலாம், ஆனால் நீதிமன்றத்தின் அனுமதி இல்லாமல் பத்திரம் கொடுக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2016-ல் உச்ச நீதிமன்றத்தில்தான் அந்தத் தடை நீங்கியது. எட்டு வருஷம்! மற்ற மாநிலங்களில் பத்திரம் கொடுத்துக்கொண்டிருந்த எட்டு வருஷமும் நம்ம காகிதங்கள் கட்டுக்கட்டாகத் தூங்கின. மனு போட்ட பெரியவர்கள் சிலர் அதற்குள் கண்ணை மூடிவிட்டார்கள். தடை போன சேதியாவது யாராவது மலையேறி வந்து சொன்னார்களா?

அப்புறம் 2019 பிப்ரவரி 13. மனு தள்ளுபடியானவர்களைக் காட்டை விட்டு வெளியேற்றச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. நாடே கொந்தளித்தது. அதே மாதம் 28-ஆம் தேதி அந்த உத்தரவை நீதிமன்றமே நிறுத்தி வைத்தது. தள்ளுபடிகள் முறையாகத்தான் நடந்ததா என்ற கேள்வி அப்போதுதான் பெரிதாக எழுந்தது. ஆகவே, தோழர்களே, தள்ளுபடிக் கடிதம் வெறும் காகிதம் இல்லை. அது நாளைக்கு வெளியேற்றும் நோட்டீசாக மாறக் கூடியது.

அந்தப் பெரியவர் கடிதத்தில் இருந்த ஓட்டைகள்

சட்டம் படித்த ஒருவர் அந்தக் கடிதத்தைப் பார்த்தால் என்ன பார்ப்பார்? நாங்கள் அன்றைக்கே உட்கார்ந்து பார்த்தோம். 2012-ல் திருத்திய விதிகளில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள்.

தள்ளுபடி செய்தால் அதை மனுதாரருக்கு நேரில் தெரிவிக்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்தனுப்பினால் அது நேரில் தெரிவித்ததாகுமா? மேல்மனுவுக்கு 60 நாள், அதற்கு மேலும் 30 நாள் நீட்டிக்கக் குழுவுக்கு அதிகாரம் உண்டு. அந்த 30 நாளைப் பற்றிக் கடிதத்தில் மூச்சே இல்லை! தள்ளுபடிக்கு விரிவாகக் காரணம் எழுத வேண்டும். கடிதத்தில் இருந்த காரணம் ஒரே வரி, 'போதிய ஆதாரம் இல்லை'. எது போதவில்லை? யாருக்குப் போதவில்லை? கிராம சபை தீர்மானத்தில் குறை இருந்தால் நேரே தள்ளக் கூடாது, மறுபடி கிராம சபைக்கே திருப்பி அனுப்ப வேண்டும். மேலே உட்கார்ந்து செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து, இங்கே சாகுபடி தெரியவில்லை என்று மட்டும் சொல்லித் தள்ளவும் கூடாது. அந்தப் படம் மற்ற ஆதாரத்துக்குத் துணையாக இருக்கலாம், அதற்குப் பதிலாக இருக்க முடியாது. சில்வர் ஓக் நிழலில் காபியும் மிளகும் நிற்கிற நம்ம மலையில் வானத்திலிருந்து பார்த்தால் எல்லாம் காடாகத்தான் தெரியும்!

இன்னொன்று. மனுவை வாங்கவோ தள்ளவோ திருத்தவோ கார்டுக்கும் அதிகாரமில்லை, பாரஸ்டருக்கும் இல்லை, ரேஞ்சருக்கும் இல்லை. தனி அதிகாரி எவருக்கும் இல்லை. கிராம சபை, ஆர்.டி.ஓ. தலைமையிலான கோட்டக் குழு, கலெக்டர் தலைமையிலான மாவட்டக் குழு, இவைதான். "ரேஞ்சர் ஐயா முடியாதுன்னுட்டாரு" என்று திரும்பி வந்தவர்கள் எல்லோரும் மறுபடி போகலாம். இந்த விசாரணை முடிகிற வரைக்கும் யாரையும் நிலத்தை விட்டு வெளியேற்றக் கூடாது என்பது சட்டத்தின் 4-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. மீறி பயிரை அழித்தாலோ, அனுபவிக்க விடாமல் தடுத்தாலோ, 2015-ல் திருத்திய வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் பழங்குடி மக்களின் வன உரிமையில் குறுக்கிடுவது தனிக் குற்றமாகவே சொல்லப்பட்டிருக்கிறது.

ஆக பெரியவர் வழக்கு சாகவில்லை. கடிதம் நேரில் தரப்படவில்லை என்பதை முதல் வரியில் வைத்து மேல்மனு எழுதி, நகல் எடுத்து, ரசீது வாங்கிக் கொடுத்திருக்கிறோம். என்ன ஆகும் என்பதைப் பொறுத்திருந்துதான் பார்க்க வேண்டும்.

அபராத ரசீதைக் கிழிக்காதீர்கள்!

'போதிய ஆதாரம் இல்லை' என்றான் அல்லவா? அதே பெரியவரிடம் வேறு காகிதம் ஏதாவது வீட்டில் இருக்கிறதா என்று கேட்டோம். "அதெல்லாம் பழைய கேஸு கட்டுங்க, அவமானமா இருக்கும்னு பரண்மேல போட்டுட்டேன்" என்றார். மறுநாள் கொண்டு வந்தார். இருபத்தைந்து முப்பது வருஷத்துக்கு முந்தைய அபராத ரசீதுகள்! காட்டு நிலத்தை ஆக்கிரமித்துச் சாகுபடி செய்ததற்காக, இன்ன தேதி, இன்ன இடம், இவ்வளவு ரூபாய் அபராதம். வனத்துறையே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது.

இதைவிட நல்ல சாட்சி வேறு என்ன வேண்டும்? 2005-க்கு முன்னாலேயே இந்த ஆள் இந்த இடத்தில் உழுதுகொண்டிருந்தார் என்று அரசாங்கமே எழுதிக் கொடுத்திருக்கிறது. நம்மைத் திருடன் என்று எழுதின காகிதம்தான் இன்றைக்கு நம்மைச் சொந்தக்காரன் என்று நிரூபிக்கிறது. பரணில், அரிசிப் பானையில், கிழவியின் சுருக்குப் பையில் எத்தனை ஊரில் எத்தனை ரசீது கிடக்கிறதோ! வருவாய்த் துறை கொடுத்த பி மெமோவும் அப்படித்தான். கோர்ட்டுக்குப் போய் வந்த சம்மன், பழைய ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, வீட்டு வரி ரசீது, எல்லாம் ஆதாரம். காகிதமே இல்லையா? நிலத்தில் கட்டிய கல்வரப்பு ஆதாரம். வெட்டிய கிணறு ஆதாரம். முன்னோரைப் புதைத்த இடம் ஆதாரம். ஊர்ப் பெரியவர் ஒருவர் சொல்லி எழுதிக் கையெழுத்தோ ரேகையோ வைத்த வாக்குமூலம் ஆதாரம். இப்படி ஏதாவது இரண்டு இருந்தால் போதும் என்கிறது விதி. இதைச் சொல்ல வக்கீல் வேண்டாம். பத்தாவது படித்த நம்ம பிள்ளை போதும். ஆனால் அந்தப் பிள்ளைக்கு யாராவது சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

புரோக்கர் ராஜ்ஜியம்

சொல்லிக் கொடுக்காத இடத்தில் யார் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். ஜெராக்ஸ் கடை பெஞ்சில் ஒருத்தர். "ஃபாரஸ்ட் பட்டா வாங்கித் தரேன், ஆளுக்கு ஐயாயிரம், ஆபீசுல குடுக்கணும்ல" என்கிறார். படிவத்துக்குக் கட்டணம் கிடையாது. மனுவுக்குக் கட்டணம் கிடையாது. அளவைக்குக் கட்டணம் கிடையாது. மனு கொடுக்க வேண்டிய இடமே ஆபீஸ் கிடையாது, நம்ம ஊர் கிராம சபை! அங்கே நாமே தேர்ந்தெடுக்கிற வன உரிமைக் குழுதான் மனுவை வாங்கி இடத்தைப் பார்க்க வேண்டும். 10 முதல் 15 பேர், மூன்றில் இரண்டு பங்கு பழங்குடியினர், மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்கள். உங்கள் பஞ்சாயத்தில் அந்தக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரியுமா? குழுவில் இருப்பவருக்கே தான் இருப்பது தெரியாத ஊரும் உண்டு!

புரோக்கரிடம் கொடுத்தவர்கள் கையில் நகல் இல்லை, ரசீது இல்லை, தேதி இல்லை. கேட்டால் 'மேலே போயிருக்கு' என்பார். எவ்வளவு மேலே? சேர்வராயன் கோயிலுக்கும் மேலேயா?

இலவச சட்ட உதவி என்று ஒன்று இருக்கிறதா, இல்லையா?

இருக்கிறது. பிச்சையாக இல்லை, உரிமையாக இருக்கிறது. பணமில்லாத காரணத்தால் யாருக்கும் நீதி மறுக்கப்படக் கூடாது என்று 1976-ல் அரசியல் சட்டத்தில் 39-ஏ பிரிவைச் சேர்த்தார்கள். 1987-ல் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் வந்தது. 1995 நவம்பர் 9-லிருந்து அமலில் இருக்கிறது. பழங்குடியினர், தாழ்த்தப்பட்ட மக்கள், பெண்கள், குழந்தைகள், மாற்றுத் திறனாளிகள், தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள் இவர்களுக்கெல்லாம் வருமானம் எவ்வளவு என்று கேட்காமலே இலவச வக்கீல் வைத்துத் தர வேண்டும். மற்ற ஏழை விவசாயிகளுக்கு வருமான வரம்பு உண்டு. எஸ்டேட்டில் வேலை செய்கிற நம்ம பெண்கள் எந்தச் சாதியானாலும் இதில் வந்துவிடுவார்கள். வக்கீல் பீஸ், கோர்ட் பீஸ், டைப் அடிக்கிற செலவு எதுவும் நம்ம தலையில் இல்லை. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் எழுதிக்கொள்ள வேண்டும். 15100 என்ற எண்ணுக்குக் காசில்லாமல் போன் போடலாம்.

இந்தச் சட்டத்தின் கீழ் 2009-ல் ஒரு திட்டம் வந்தது. அதுதான் பாரா லீகல் வாலண்டியர், நம்ம பாஷையில் சட்டத் தன்னார்வலர். அமெரிக்கா போன்ற நாடுகளில் இது வக்கீல் ஆபீசில் சம்பளத்துக்குச் செய்கிற உத்தியோகம். நம்ம நாட்டில் வேறு மாதிரி. மக்களோடு மக்களாக இருப்பவருக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு பயிற்சி கொடுத்து அடையாள அட்டை கொடுக்கும். ஆசிரியர், அங்கன்வாடி அக்கா, ஓய்வு பெற்றவர், கல்லூரி மாணவர், சுய உதவிக் குழுப் பெண், யாரும் ஆகலாம். மனு எழுத உதவுவார். எந்த ஆபீசுக்குப் போக வேண்டும் என்று சொல்வார். சட்ட உதவி வக்கீலிடம் கூட்டிப் போவார். போலீஸ் பிடித்துப் போனால் ஆணைக்குழுவுக்குத் தகவல் கொடுப்பார். அவர் வக்கீல் இல்லை. கோர்ட்டில் வாதாட முடியாது, கறுப்புக் கோட்டு போட முடியாது. மக்களிடம் ஒரு பைசா வாங்கக் கூடாது. வேலை செய்கிற நாளுக்கு மதிப்பூதியம் ஆணைக்குழுவே கொடுக்கும்.

ஆப்பிரிக்காவில் சியரா லியோன் என்று ஒரு ஏழை நாடு. உள்நாட்டுச் சண்டையில் சீரழிந்து எழுந்தது. அங்கேயும் நாட்டார் ஆட்சி மாதிரி குறுநாடு குறுநாடாகப் பிரித்துத் தலைவர்கள் உண்டு. அந்த நாடு 2012-ல் கொண்டுவந்த சட்ட உதவிச் சட்டத்தில் ஒவ்வொரு குறுநாட்டுக்கும் ஒரு சட்டத் தன்னார்வலராவது இருக்க வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். சியரா லியோன்காரன் நினைக்க முடிகிறதை சேலம் மாவட்டம் நினைக்க முடியாதா?

நம்மிடம் நடப்பது என்ன? சட்ட விழிப்புணர்வு முகாம் என்று ஒரு பேனர். சாலையோர ஊர் ஒன்றில் மேடை. கீழே நூறு நாள் வேலைக்கு வந்தவர்களை உட்கார வைத்து ஒரு மணி நேரம் பேச்சு. போட்டோ, டீ, வடை, ஜீப் கிளம்பிவிடும். அடுத்த நாள் காலையில் கார்டு வந்து வேலியைப் பிடுங்கினால் யாரிடம் போவது? முகாமில் பேசியவர் சேலத்தில் இருப்பார். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, ஒரு நாள் கூலியை விட்டு, பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் செலவழித்துப் போனால் "சார் லீவு, நாளைக்கு வாங்க". பேச வந்தவர்களின் நல்லெண்ணத்தை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் பஸ் நிற்காத ஊரில் முகாம் நடந்ததை நாம் பார்த்ததில்லை.

நம்மவர்களுக்குள்ளேயே இரண்டு பேச்சு

ஒன்று, "சட்டமாவது கிட்டமாவது, ரோட்டுல உக்காந்தாத்தான் வேலை நடக்கும்" என்பது. நம்ம சங்கத்துக்குள்ளேயே இதைச் சொல்கிற தோழர்கள் இருக்கிறார்கள். பாதி உண்மை. ஆனால் வாச்சாத்தியை நினைத்துப் பாருங்கள்.

வாச்சாத்தி தூரம் இல்லை. பக்கத்துத் தர்மபுரி மாவட்டத்தில், சித்தேரி மலை அடிவாரத்தில், நம்மைப் போலவே மலையாளி பழங்குடி மக்கள் வாழ்கிற ஊர். 1992 ஜூன் 20-ஆம் தேதி சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த் துறை ஆட்கள் ஊருக்குள் புகுந்து செய்த கொடுமை நாடறிந்தது. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். வீடுகள் நொறுக்கப்பட்டன. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர், எல்லோரும் அரசு ஊழியர்கள். அப்படி எதுவும் நடக்கவே இல்லை என்றது அன்றைய அரசு. மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் தெருவில் போராடின. அதோடு நிற்கவில்லை. உயர் நீதிமன்றம் போனார்கள், சி.பி.ஐ. விசாரணை வாங்கினார்கள். அந்தப் பெண்கள் அடையாள அணிவகுப்பில் நின்று இவன்தான், இவன்தான் என்று கை நீட்டிச் சொன்னார்கள். 2011 செப்டம்பர் 29-ல் தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்பு சொன்னபோது 54 பேர் செத்துப் போயிருந்தார்கள். உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றது தீர்ப்பு. மேல்முறையீட்டையும் 2023 செப்டம்பர் 29-ல் உயர் நீதிமன்றம் தள்ளிவிட்டது. 31 வருஷம்! எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பலர் இருந்த ஒரு மலையடிவார ஊர் 31 வருஷம் ஒரு வழக்கைத் தூக்கிப் பிடித்தது. மறியல் செய்த கையும் மனு எழுதிய கையும் சேர்ந்ததால் முடிந்தது.

இன்னொரு பேச்சு, "அதுக்குத்தான் வக்கீலுங்க இருக்காங்களே" என்பது. 2021-ல் ஜெய்பீம் படம் வந்தது, எல்லோரும் செல்போனில் பார்த்து அழுதோம். சூர்யா மாதிரி ஒரு வக்கீல் வரமாட்டாரா என்று பேசினோம். 1993-ல் கம்மாபுரம் போலீசில் நடந்த உண்மை வழக்கு அது. வழக்கறிஞர் சந்துரு பிறகு நீதிபதியாகவும் ஆனார், அவரை வணங்குகிறோம். ஆனால் புருஷனைத் தொலைத்த அந்தப் பெண்ணுக்குத் துணையாக நின்று, போலீசின் மிரட்டலுக்குப் பயப்படாமல் ஓடிய உள்ளூர்த் தோழர் ஒருவர் இருந்தார். ஊரில் அந்த ஆள் இல்லாவிட்டால் சென்னையில் சந்துரு இருந்து என்ன பிரயோஜனம்? நல்ல வக்கீல் சேலத்திலும் இருக்கிறார், சென்னையிலும் இருக்கிறார். நம்மிடம் இல்லாதது அவர் வரைக்கும் கூட்டிப் போகிற ஆள்.

யாரைத் தேர்ந்தெடுப்பது?

சத்தம் போட்டுப் பேசுகிறவரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஒரு நோட்டு வைத்துத் தேதி எழுதுகிற பழக்கம் உள்ளவரைத் தேர்ந்தெடுங்கள். ஊருக்கு இரண்டு பேர் என்றால் ஒருவர் கட்டாயம் பெண். உரிமைப் பத்திரத்தில் மனைவி பெயர் இருக்கிறது என்று சொன்னால் அதை ஆம்பிளை போய் மற்ற ஆம்பிளைகளிடம் சொல்லி நடக்கிற காரியமா? அப்புறம், எஸ்டேட்டுக்கோ ரிசார்ட்டுக்கோ நில புரோக்கருக்கோ கையாளாக இருப்பவர் வேண்டவே வேண்டாம். அட்டையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அதே ஐயாயிரத்தை வாங்குவார்கள். அப்படி வாங்கினால் ஆணைக்குழுவுக்கு எழுதி அட்டையைப் பிடுங்கலாம் என்பதும் ஊருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சாதிச் சான்றிதழையும் இந்தப் பிள்ளைகள் கவனிக்க வேண்டும். பழங்குடிப் பட்டியலில் மலையாளி என்ற பெயருக்குப் பக்கத்தில் மாவட்டங்களின் பெயர் இருக்கிறது. சேலம் இருக்கிறது, அதனால் நாம் பழங்குடி. ஈரோடு மாவட்டத்து பர்கூர் மலையில் அதே மக்கள், அதே குலம், ஆனால் பட்டியலில் அந்த மாவட்டம் இல்லாததால் பழங்குடிச் சான்று இல்லாமல் பல பத்தாண்டுகளாகப் போராடுகிறார்கள். சட்டத்தில் ஒரு வார்த்தை இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் பர்கூர் போய்க் கேட்கட்டும்.

நாம் கேட்பது

ஏற்காடு ஒன்றியத்தில் ஒவ்வொரு பஞ்சாயத்திலும் சட்டத் தன்னார்வலர்களை மலையிலிருந்தே தேர்ந்தெடுக்க வேண்டும். அறிவிப்பைச் சேலம் கோர்ட் பலகையில் மட்டும் ஒட்டாமல் ரேஷன் கடையிலும் பஞ்சாயத்து ஆபீசிலும் ஒட்ட வேண்டும். பயிற்சியை மலையிலேயே, தமிழில், வன உரிமைச் சட்டத்தை முதல் பாடமாக வைத்து நடத்த வேண்டும். சந்தை நாளில் சட்ட உதவி மையம் திறந்திருக்க வேண்டும். எந்தெந்த மனு எந்தெந்தக் குழுவில் எவ்வளவு நாளாகக் கிடக்கிறது என்ற பட்டியலைக் கிராம சபையில் வாசிக்க வேண்டும். நேரில் தெரிவிக்காமல், காரணம் எழுதாமல் தள்ளிய மனுக்கள் அத்தனையையும் மறுபடி எடுக்க வேண்டும்.

கொடுக்கிற வரைக்கும் நாம் கையைக் கட்டி உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. உங்கள் மனு என்ன ஆனது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் வில்லை ஒட்டிக் கேளுங்கள். வறுமைக் கோட்டுப் பட்டியலில் இருந்தால் அந்தப் பத்து ரூபாயும் வேண்டாம். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அதே ஆபீசில் மேல் அதிகாரிக்கு மேல்முறையீடு.

வரும் கிராம சபைக்கு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஆணும் பெண்ணும் வாருங்கள். பாதிப் பேராவது இல்லாவிட்டால், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இல்லாவிட்டால், வன உரிமைத் தீர்மானம் செல்லாது. வரும்போது பரண்மேல் கிடக்கிற காகிதம் எல்லாவற்றையும் கொண்டு வாருங்கள். கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, பூச்சி அரித்திருந்தாலும் பரவாயில்லை. அபராத ரசீது, பி மெமோ, சம்மன், பழைய ரேஷன் கார்டு. என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாத கடிதம் இருந்தால் அதை முதலில் எடுத்து வையுங்கள். சங்கத் தோழர்கள் பேனாவோடும் கார்பன் தாளோடும் இருப்பார்கள். அசலை யாரிடமும் கொடுக்காதீர்கள், எங்களிடமும் கொடுக்க வேண்டாம். நகல் போதும்.